மூங்கில் ஒட்டுப்பலகையும் மர ஒட்டுப்பலகையும்: ஓர் ஒப்பீட்டு வரலாறு

ஒட்டுப்பலகை என்பது மெல்லிய மரத்தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக, இழைகள் குறுக்கும் நெடுக்குமாக அமையும்படி அடுக்கி, பசையிட்டு அழுத்திச் செய்யப்படும் பலகை ஆகும். பேச்சு வழக்கில் இது பிளைவுட் எனப்படுகிறது. மரத்தகடுகளுக்குப் பதிலாக மூங்கில் பிளாச்சுகளையோ மூங்கில் பாய்களையோ அடுக்கி ஒட்டினால் அது மூங்கில் ஒட்டுப்பலகை எனப்படும். அலமாரி, சமையலறைப் பெட்டகம், புத்தக அடுக்கு முதலியவற்றைச் செய்ய இன்று இரண்டும் கிடைக்கின்றன.

மூங்கில் பலகையின் விலை கூடுதல். அந்தக் கூடுதல் விலைக்கு இரண்டு காரணங்கள் சொல்லப்படுகின்றன. ஒன்று, அது காட்டைக் காக்கிறது. மற்றொன்று, அது மரத்தைவிட உறுதியானது. இவை பொய்யல்ல. ஆனால் எந்தக் காலத்தில், எந்தப் பலகையோடு ஒப்பிட்டுச் சொல்லப்பட்டவை என்று பார்க்க வேண்டும். அதற்கு இவ்விரு பலகைகளின் வரலாறும் தெரிந்திருக்க வேண்டும்.

புல்லும் மரமும்

மூங்கில் தாவரவியலின்படி புல் குடும்பத்தைச் சேர்ந்தது. தமிழ் மரபிலும் இந்தப் பாகுபாடு பழமையானது. தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் மரபியல், வயிரம் வெளிப்புறத்தில் அமைந்தவற்றைப் புல் என்றும் உட்புறத்தில் அமைந்தவற்றை மரம் என்றும் வகுக்கிறது. பனையும் மூங்கிலும் முன்வகையின. தேக்கும் வேங்கையும் பின்வகையின.

பலகை செய்பவருக்கு இந்த வேறுபாடு மிக முக்கியமானது. மூங்கிலின் உறுதியான நார்கள் வெளித்தோலை ஒட்டி நெருக்கமாகவும், உள்ளே செல்லச் செல்லக் கலைந்தும் அமைந்துள்ளன. ஆனால் வெளித்தோலில் மெழுகும் சிலிக்காவும் இருப்பதால் அதன்மேல் பசை பிடிக்காது. எனவே அந்தத் தோலைச் சீவி எறிய வேண்டும். அதோடு நார்ச்செறிவு மிகுந்த பகுதியிலும் கொஞ்சம் போய்விடுகிறது.

இன்னொரு தடையும் உண்டு. மரத்துண்டைக் கடைசல் எந்திரத்தில் சுழற்றி, நீண்ட கத்தியை அதன்மேல் பதித்தால், சுருட்டிய பாய் விரிவதுபோல அகலமான தகடு உரிந்து வரும். மூங்கில் நடுவில் கூடானது; இடையிடையே கணுக்கள் கொண்டது. அதை அவ்வாறு உரித்துப் பலகை செய்வது எளிதன்று. பிளந்து, சீவி, துண்டுதுண்டாகச் சேர்க்க வேண்டும். மர ஒட்டுப்பலகை பெருந்தொழிலாக வளர்ந்து பல பத்தாண்டுகள் கழித்தே மூங்கில் பலகை வந்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

ஒட்டுப்பலகையின் தோற்றம்

ஒரு செய்தித்தாளை மேலிருந்து கீழாகக் கிழித்தால் ஏறத்தாழ நேராகக் கிழியும். குறுக்கே கிழித்தால் கோணலாகப் போகும். இரண்டு தாள்களைத் திசை மாற்றி ஒட்டிக் கிழித்துப் பார்த்தால் எந்தப் பக்கமும் எளிதில் கிழியாது. மாணவர்கள் இதைச் செய்து பார்க்கலாம். ஒட்டுப்பலகையின் தத்துவம் இவ்வளவே. மரம் இழையின் திசையில் உறுதியாகவும், குறுக்கே பிளக்கவும் சுருங்கவும் கூடியதாகவும் இருக்கும். அடுத்தடுத்த தகடுகளைத் திசை மாற்றி வைத்தால் ஒன்றின் குறையை மற்றொன்று தாங்கிக்கொள்ளும்.

இதைப் பண்டைய எகிப்தியர் அறிந்திருந்தனர். சக்காராவில் உள்ள ஜோசர் மன்னனின் படிப் பிரமிடில், ஆறு அடுக்கு மரத்தகடுகளால் ஆன சவப்பெட்டி ஒன்று கிடைத்தது. அது சுமார் 4,600 ஆண்டுகள் பழமையானது. தகடுகளை மர ஆணிகள் பிணைத்திருந்தன.

தற்கால ஒட்டுப்பலகைக்கு நியூயார்க்கைச் சேர்ந்த ஜான் மேயோ 1865ஆம் ஆண்டு அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். எஸ்தோனியாவின் தாலின் நகரில் லூத்தர் குடும்பத்தின் தொழிற்சாலை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் நாற்காலி இருக்கைகளையும் பெட்டிகளையும் ஒட்டுப்பலகையில் செய்தது. அதன் பொருள்களை விற்க 1897இல் லண்டனில் வெனெஸ்டா என்ற நிறுவனம் தொடங்கப்பட்டது. மரத்தகட்டைக் குறிக்கும் வெனீர் என்ற சொல்லும் எஸ்தோனியா என்ற நாட்டுப் பெயரும் சேர்ந்ததே அந்தப் பெயர். அந்நிறுவனத்தின் முக்கியச் சரக்குகளில் ஒன்று தேயிலைப் பெட்டி. தடித்த மரப்பெட்டிகளைவிட அது எடை குறைந்தது.

1905இல் அமெரிக்காவின் போர்ட்லாண்டு நகரில் நடந்த பெரும் கண்காட்சியில், உள்ளூர்ப் பெட்டித் தொழிற்சாலை ஒன்று டக்ளஸ் ஃபிர் மரத்தில் மூன்றடுக்குப் பலகைகளைச் செய்து வைத்தது. பசையைப் பெயிண்ட் தூரிகையால் தடவினர். வீடுகளைத் தூக்கி நிறுத்தும் ஜாக்கிகளைக் கொண்டு அழுத்தினர். கதவு செய்வோர் அதைப் பார்த்து வாங்க முன்வந்தனர். அங்கிருந்து அமெரிக்காவின் மென்மர ஒட்டுப்பலகைத் தொழில் வளர்ந்தது.

பசையின் வரலாறு

ஒட்டுப்பலகையின் வரலாற்றில் பாதி, பசையின் வரலாறு. தொடக்கத்தில் விலங்குகளின் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுக்கும் பசை பயன்பட்டது. நம் தச்சர்கள் வச்சிரம் என்று சொல்வது இதைத்தான். பாலின் கேசின், இறைச்சிக் கூடத்து இரத்தம், சோயா மாவு ஆகியவற்றிலிருந்தும் பசைகள் செய்யப்பட்டன. இவை நன்றாக ஒட்டினாலும் தொடர்ந்து ஈரம் பட்டால் தாங்கவில்லை. தகடுகள் விட்டுப்போயின. ஒட்டுப்பலகை என்றால் உரிந்துபோகும் பலகை என்ற கெட்ட பெயர் அப்போது ஏற்பட்டதே.

1907இல் லியோ பேக்கலாண்டு ஃபீனாலையும் ஃபார்மால்டிஹைடையும் சேர்த்து பேக்கலைட் என்ற பிசினைக் கண்டுபிடித்தார். அதே வகைப் பிசினைக் கொண்டு, 1934இல் வாஷிங்டன் மாநிலத்தின் அபர்டீன் நகரில் இருந்த ஹார்பர் பிளைவுட் நிறுவனத்தின் வேதியியலாளர் ஜேம்ஸ் நெவின், நீரில் விடாத ஒட்டுப்பலகைப் பசையை உருவாக்கினார். படகுக்கும் வெளிச்சுவருக்கும் ஒட்டுப்பலகை ஏற்றதானது அதன் பிறகே. விலை மலிவான யூரியா ஃபார்மால்டிஹைடு பிசினும் அதே பத்தாண்டில் பரவியது. அது ஈரத்தை ஓரளவே தாங்கும்.

பசையும் ஒட்டும் முறையும் எவ்வளவு முக்கியம் என்பதைப் போர்க்காலம் காட்டியது. பிரிட்டனின் மாஸ்கிட்டோ போர்விமானம் பெரும்பகுதி ஒட்டுப்பலகையால் ஆனது. 1944இல் இந்திய, பர்மியப் பகுதிகளில் பறந்த இவ்வகை விமானங்கள் சில, இறக்கைக் கட்டமைப்பு சிதைந்து விபத்துக்குள்ளாயின. முதலில் வெப்பமண்டல ஈரமும் பசையும் காரணமாகக் கருதப்பட்டன. தொழிற்சாலையில் பாகங்கள் சரியாகப் பொருத்தப்படாததும் பின்னர் வெளிப்பட்டது. நல்ல மரம் மட்டும் நல்ல பலகை ஆகிவிடாது என்பதே அதில் கிடைத்த பாடம்.

இந்தியாவில் நாம் பலகையை வாங்கும்போது காணும் தரக்குறிகளும் பசையைப் பற்றியவையே. எம்.ஆர். என்பது ஈரத்தை ஓரளவு தாங்குவது. பி.டபிள்யு.ஆர். என்பது கொதிநீரை எதிர்ப்பது. இவை ஐ.எஸ். 303 என்ற தரத்தின்கீழ் வழங்கிவரும் பெயர்கள். ஐ.எஸ். 710 என்பது கடல்சார் ஒட்டுப்பலகைக்கான தரம். அதன் மாதிரித் துண்டை 72 மணி நேரம் கொதிநீரில் வைத்துச் சோதிப்பர்.

இந்தியாவில் மர ஒட்டுப்பலகை

இந்தியாவில் இத்தொழில் தேயிலைப் பெட்டிக்காகத் தொடங்கியது. அசாமின் காடுகளில் வளரும் ஹொல்லாங் போன்ற நெடுமரங்களிலிருந்து தகடு உரித்துப் பெட்டிகள் செய்யப்பட்டன. இந்தியத் தர நிறுவனம் வெளியிட்ட தரங்களில் ஐ.எஸ். 10 என்ற தொடக்க எண் ஒட்டுப்பலகைத் தேயிலைப் பெட்டிக்கு உரியது. அப்பொருள் அன்று எவ்வளவு முக்கியமாக இருந்தது என்பதை அந்த எண்ணே காட்டும். தெற்கே, அப்போது சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்த வளபட்டணத்தில் 1945இல் வெஸ்டர்ன் இந்தியா பிளைவுட்ஸ் தொடங்கப்பட்டது.

இந்த ஆலைகளுக்கு இயற்கைக் காடுகளே மூலப்பொருள். காடு குறைந்தபோது கேள்வி எழுந்தது. 1988ஆம் ஆண்டின் தேசிய வனக் கொள்கை, தொழிற்சாலைகள் தமக்கு வேண்டிய மரத்தை உழவர்களின் துணையோடு வளர்த்துக்கொள்ள வேண்டும் என்றது. அதைவிடப் பெரிய மாற்றம் ஒரு வழக்கால் வந்தது. நீலகிரி மாவட்டம் கூடலூர்ப் பகுதியில் காட்டு மரங்கள் வெட்டப்படுவதை எதிர்த்து டி. என். கோதவர்மன் திருமுல்பாடு 1995இல் உச்ச நீதிமன்றத்தில் மனுச் செய்தார். 1996 டிசம்பர் 12 அன்று வந்த இடைக்கால ஆணை நாடு முழுவதற்கும் பொருந்தியது. முறையான, அரசு ஒப்புதல் பெற்ற செயல்திட்டம் இல்லாமல் காட்டில் மரம் வெட்டுவது நிறுத்தப்பட்டது. வடகிழக்கு மாநிலங்களிலிருந்து மரம் வெளியே செல்வது தடுக்கப்பட்டது. அருணாசலப் பிரதேசத்திலும் அதை ஒட்டிய அசாம் பகுதியிலும் பல மர ஆலைகளும் ஒட்டுப்பலகை ஆலைகளும் மூடப்பட்டன.

அதன்பின் தொழில் இடம் மாறியது. ஹரியானாவின் யமுனா நகர், உழவர் வயல்களில் வளர்ந்த பாப்லர், யூகலிப்டஸ் மரங்களை நம்பி வளர்ந்தது. கேரளத்தின் பெரும்பாவூர், பால் வற்றி வெட்டப்படும் ரப்பர் மரங்களை நம்பி வளர்ந்தது. தமிழ்நாட்டில் மேட்டுப்பாளையம் வனக் கல்லூரி மலைவேம்பை ஒட்டுப்பலகைக்கு ஏற்ற பண்ணை மரமாகப் பரப்பியது.

இந்த மாற்றத்தை மனத்தில் கொள்ள வேண்டும். இன்று கடையில் கிடைக்கும் உள்நாட்டு ஒட்டுப்பலகையில் பெரும்பகுதி காட்டு மரமன்று. வயலில் நட்டு, சில ஆண்டுகளில் வெட்டி, மீண்டும் நட்ட மரம். ஆயினும் மேல்முகத் தகடு மட்டும் பெரும்பாலும் வெளிநாட்டுக் காட்டு மரத்தகடாக இருப்பதுண்டு.

மூங்கில் பலகை உருவான கதை

இந்தியாவில் மூங்கில் பலகை பாயிலிருந்து பிறந்தது. பெங்களூருவில் இருந்த இந்திய ஒட்டுப்பலகைத் தொழில் ஆராய்ச்சி நிறுவனம், 1980களில் கனடாவின் பன்னாட்டு வளர்ச்சி ஆராய்ச்சி மையத்தின் உதவியோடு மூங்கில் பாய்ப்பலகையை மேம்படுத்தியது. மெல்லிய பிளாச்சுகளால் முடைந்த பாய்களை ஃபீனால் பிசினில் தோய்த்து, உலர்த்தி, பல பாய்களை அடுக்கிச் சூட்டில் அழுத்துவது அதன் முறை. இதற்கு எந்திரக் கடைசல் வேண்டியதில்லை. பாய் முடையும் கைகள் வேண்டும்.

அந்தக் கைகள் கேரளத்தில் ஏராளமாக இருந்தன. 1971இல் அங்கமாலியைத் தலைமையிடமாகக் கொண்டு அமைந்த கேரள மாநில மூங்கில் கழகம், மலையாளத்தில் ஈற்ற எனப்படும் மெல்லிய மூங்கிலைத் தொழிலாளர்களுக்குக் கொடுத்து, அவர்கள் வீட்டிலிருந்தே முடைந்த பாய்களைத் திரும்ப வாங்கியது. அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அந்தப் பாய்களிலிருந்து அக்கழகம் பலகை செய்தது. பின்னர், நடுவில் பண்ணை மரத்தகடுகளும் மேலும் கீழும் மூங்கில் பாய்களும் கொண்ட கலப்புப் பலகையும் உருவானது.

சீனாவில் மற்றொரு வழி பிறந்தது. அங்கு மோசோ என்னும் பருத்த மூங்கில் மிகுதி. அதன் கழையைப் பிளந்து, தோலையும் உட்பகுதியையும் சீவி, மாவுச்சத்து நீங்க வேகவைத்து, உலர்த்தி, சதுர விளிம்புள்ள பிளாச்சுகளாக இழைத்து, பக்கத்தோடு பக்கம் ஒட்டித் தகடாக்கினர். அத்தகடுகளை மாற்றுத் திசையில் அடுக்கினால் பிளாச்சுப் பலகை கிடைத்தது. 1998இல் யாங்சி ஆற்றின் பெருவெள்ளத்துக்குப் பிறகு சீனா தன் இயற்கைக் காடுகளில் மரவெட்டைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. மூங்கிலின் மதிப்பு கூடியது. அமெரிக்காவின் லீட் என்ற பசுமைக் கட்டட மதிப்பீட்டு முறை, பத்தாண்டுக்குள் மீண்டும் வளரும் பொருள்களுக்கு மதிப்பெண் அளித்தது. சமையலறைப் பெட்டகங்களில் மூங்கில் பலகை அங்கு நாகரிகமானது இக்காலத்தில்தான்.

இந்தியாவில் சட்டமே ஒரு தடையாக இருந்தது. 1927ஆம் ஆண்டின் இந்திய வனச் சட்டம் மரம் என்ற சொல்லின் பொருளில் மூங்கிலையும் சேர்த்திருந்தது. தன் நிலத்தில் வளர்த்த மூங்கிலை வெட்டவும் கொண்டு செல்லவும் பல மாநிலங்களில் உழவர் அனுமதி பெற வேண்டியிருந்தது. 2017ஆம் ஆண்டின் திருத்தம், காட்டுக்கு வெளியே வளரும் மூங்கிலை அந்தப் பொருளிலிருந்து நீக்கியது. தொல்காப்பியம் புல் என்று வகுத்ததை இந்தியச் சட்டம் ஏற்க 90 ஆண்டுகள் ஆயின.

அலமாரிக்கு எது ஏற்றது?

உறுதி: மூங்கில் நார் தன் நீளத்தில் மிக உறுதியானது. ஆனால் பலகையில் அது குறுக்கும் நெடுக்குமாகப் பிரிக்கப்படுகிறது, வெளித்தோலும் சீவப்படுகிறது. எனவே மூங்கில் கழையின் உறுதியைப் பலகையின் உறுதியாகக் கொள்ளக் கூடாது. பிளாச்சுப் பலகை பாப்லர் பலகையைவிடக் கெட்டியானது. தரமான பிர்ச் அல்லது கடல்சார் ஒட்டுப்பலகையோடு ஒப்பிட்டால் வேறுபாடு குறைவு. சாதாரண அலமாரித் தட்டுக்கு இரண்டுமே போதும். தட்டு வளைவதற்குப் பெரும்பாலும் பலகையின் வகையைவிட, தாங்கலே இல்லாத நீண்ட இடைவெளிதான் காரணம்.

எடை: எட்டுக்கு நான்கு அடி அளவில் 18 மில்லிமீட்டர் தடிமனுள்ள பிளாச்சுப் பலகை சுமார் 37 கிலோ இருக்கும். அதே அளவு பாப்லர் பலகை சுமார் 27 கிலோ. சுவரில் தொங்கும் பெட்டகத்துக்கும் கீலில் ஆடும் கதவுக்கும் இந்த வேறுபாடு முக்கியம்.

திருகாணி: மூங்கில் இழையோட்டத்தில் எளிதில் பிளக்கும். துளையிட்ட பிறகே திருகாணி முடுக்க வேண்டும். துளையிட்டு முடுக்கினால் பிடிப்பு நன்றாக இருக்கும். மரப்பலகையில் மேல்முகத்தில் பிடிப்பு நன்று. விளிம்பில் முடுக்கினால் அடுக்குகள் விரியக்கூடும். மூங்கிலில் உள்ள சிலிக்கா ரம்பத்தையும் இழைப்புளியையும் விரைவில் மழுங்கச் செய்யும் என்பதையும் தச்சர் கணக்கில் கொள்வார்.

விளிம்பும் தோற்றமும்: பிளாச்சுப் பலகையின் விளிம்பு தானே அழகாக இருக்கும், தேய்த்து வார்னிஷ் அடித்தால் போதும். மரப்பலகைக்கு விளிம்பில் பீடிங்கும் முகத்தில் மைக்கா அல்லது அழகுத் தகடும் தேவை. மூங்கிலின் விலையை ஒப்பிடும்போது இந்தச் செலவையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

பூச்சியும் ஈரமும்: மூங்கிலில் மாவுச்சத்து மிகுதி. அதனால் துளைக்கும் வண்டுக்கும் பூஞ்சைக்கும் அது விருப்பமானது. முற்றிய மூங்கிலை வெட்டி நீரில் ஊறப்போடும் பழைய வழக்கம் அந்தச் சத்தைக் கரைப்பதற்கே. ஆலையில் வேகவைப்பதும் போராக்ஸ் கரைசலில் ஊறவைப்பதும் அதே வேலையைச் செய்கின்றன. ரப்பர், பாப்லர் மரங்களும் இவ்வகைப் பாதுகாப்பு இல்லாவிட்டால் உளுத்துப்போகும். கரையானுக்கு எதிராக இரண்டும் தாமாகத் தப்பாது.

பசையின் ஆவி: யூரியா ஃபார்மால்டிஹைடு பிசின், வெப்பமும் ஈரமும் மிகும்போது ஃபார்மால்டிஹைடு வாயுவை வெளிவிடும். புதிய அலமாரியைத் திறக்கும்போது கண் எரிவது பல வேளைகளில் இதனால்தான். பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2004இல் இதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என வகைப்படுத்தியது. கலிபோர்னியா 2007இலும், அமெரிக்க நாடாளுமன்றம் 2010இலும் மரப்பலகைகள் வெளிவிடும் வாயுவுக்கு வரம்பு விதித்தன. மூங்கில் என்ற பெயர் இதில் எந்தப் பாதுகாப்பும் தராது. மரப்பலகையில் தகட்டுக்கும் தகட்டுக்கும் இடையில் பசை உண்டு. பிளாச்சுப் பலகையில் பிளாச்சுக்கும் பிளாச்சுக்கும் இடையிலும் உண்டு. மறுபுறம், ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் காய்சாங் லீ, சிப்பிகள் பாறையில் ஒட்டும் விதத்தைப் பின்பற்றி உருவாக்கிய சோயா பசையை 2005 முதல் அமெரிக்க ஒட்டுப்பலகை நிறுவனம் ஒன்று பயன்படுத்துகிறது. ஒருகாலத்தில் ஈரம் தாங்காமல் ஒதுக்கப்பட்ட சோயா, குறை நீங்கித் திரும்பியது.

காடு: மோசோ மூங்கில் நான்கைந்து ஆண்டுகளில் முற்றும், வெட்டினால் வேரிலிருந்து மீண்டும் முளைக்கும். காட்டு ஹொல்லாங் மரத்தோடு ஒப்பிட்டால் இது பெரிய நன்மை. ஆறிலிருந்து எட்டு ஆண்டுகளில் வெட்டப்படும் வயல் பாப்லரோடும், எப்படியும் வெட்டப்படவேண்டிய ரப்பர் மரத்தோடும் ஒப்பிட்டால் அந்த நன்மை சிறிதாகிறது. சீனாவிலிருந்து கப்பலில் வரும் பலகையாக இருந்தால் பயணச் செலவையும் சேர்க்க வேண்டும். உள்ளூரில் முடைந்த பாயால் ஆன பலகைக்கு வேறொரு நன்மை உண்டு. அதன் விலையில் ஒரு பங்கு பாய் முடைபவரின் கூலியாகிறது.

முடிவுரை

ஓர் அலமாரி முழுவதையும் ஒரே பலகையில் செய்ய வேண்டும் என்பதில்லை. பெட்டியின் உடலுக்கு, குறிப்பாக நீர் படும் சமையலறைக்கு, பி.டபிள்யு.ஆர். அல்லது கடல்சார் தரமுள்ள மர ஒட்டுப்பலகை போதுமானது, செலவும் குறைவு. கண்ணில் படும் கதவு, திறந்த தட்டு, விளிம்பு தெரியும் மேசை ஆகியவற்றுக்கு மூங்கில் பிளாச்சுப் பலகை அதன் விலைக்கு உரிய பயனைத் தரும். பாய்ப்பலகையின் முகம் சொரசொரப்பானது. ஆனால் பின்னல் எல்லாத் திசையிலும் இழுத்துப் பிடிப்பதால் அது எளிதில் கோணாது. அலமாரியின் முதுகுப்பலகைக்கும் சட்டமிட்ட கதவுக்கும் அது மிகவும் ஏற்றது.

1980களில் மூங்கில் பலகையைக் காட்டு மரப் பலகைக்கு மாற்றாகக் கொண்டுவந்தவர்கள் சரியான காரணத்துக்காகவே கொண்டுவந்தனர். அதன்பின் மரப்பலகையும் மாறிவிட்டது. ஆகவே இன்று வாங்குபவர் கேட்க வேண்டியவை மூன்று: உள்ளடுக்கு எந்த மரம் அல்லது மூங்கில், எங்கே வளர்ந்தது? பசை எந்த வகை, அதன் தரக்குறி பலகையில் அச்சிடப்பட்டுள்ளதா? பூச்சிக்கு எதிராக என்ன செய்யப்பட்டுள்ளது? இவற்றுக்கு விடை கிடைத்தால் புல்லோ மரமோ, இரண்டிலும் நல்ல அலமாரி செய்யலாம். விடை கிடைக்காத பலகைக்கு, அதன் முகம் எவ்வளவு அழகாக இருந்தாலும், கூடுதல் விலை தர வேண்டியதில்லை.